கைரேகை அறிக்கையில் "முடிவு கூற இயலவில்லை" என்று வந்தால் அதற்கு என்ன பொருள்?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி மீது வீடு புகுந்து நகை திருடியதாக வழக்கு. பீரோ கைப்பிடியில் கிடைத்த ரேகையைத் தம்பியின் ரேகையோடு ஒப்பிட்ட நிபுணர், "தெளிவு போதாததால் திட்டவட்டமான முடிவு கூற இயலவில்லை" என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். அரசு வக்கீல், "அவருடைய ரேகை இல்லை என்று நிபுணரே சொல்லவில்லையே" என்கிறார். இவர்களுடைய வக்கீலோ, "ரேகை பொருந்தவில்லை, ஆகவே எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அந்த வீட்டுக்குள் போகவே இல்லை" என்று வாதாடப் போகிறாராம். இதில் எது சரி என்பது கேள்வி.

இரண்டும் சரியில்லை அம்மா. அந்த அறிக்கை உங்கள் தம்பியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒன்றும் சொல்லாத காகிதத்தை நீதிமன்றத்தில் அப்படியே கிடக்க விடமாட்டார்கள். ஏதாவது ஒரு பக்கம் அதைப் பேச வைத்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாக செஷன்ஸ் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தின் அடித்தளம். 1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒரு சங்கதிக்கு மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. ஒன்று, நிரூபிக்கப்பட்டது. இரண்டு, பொய்யென நிரூபிக்கப்பட்டது. மூன்று, நிரூபிக்கப்படாதது. இந்த மூன்றாவதை அந்தப் பிரிவு விளக்கும் விதம் மிக அழகானது: முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை என்றால் அது நிரூபிக்கப்படாதது. அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் தன் 2ஆம் பிரிவில் இதே மூன்றையும் வைத்திருக்கிறது. ரேகை நிபுணர் தரும் பதில்களும் இதே மூன்றுதான்: இவருடையது, இவருடையது இல்லை, சொல்ல இயலவில்லை. மூன்றாவது பதிலை முதல் பதிலின் இளைத்த வடிவமாகப் படிப்பதுதான் அரசுத் தரப்பு செய்யும் பிழை. இரண்டாவது பதிலின் இளைத்த வடிவமாகப் படிப்பது நம் தரப்பு செய்யும் பிழை. அது தனி நிலை. சாட்சியத் தராசில் அந்தத் தட்டில் எதுவும் வைக்கப்படவில்லை என்று பொருள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கொள்ளை வழக்கு. கிடைத்த சான்ஸ் பிரிண்ட், அதாவது சம்பவ இடத்து ரேகை, ஒப்பிடத் தகுதியற்றது, போலீஸ் பேச்சுவழக்கில் 'அன்ஃபிட்', என்று அறிக்கை. நான் குறுக்கு விசாரணையில், "ஆக, அது எதிரியின் ரேகை இல்லை, சரிதானே?" என்று கேட்டேன். நிபுணர் நேர்மையான மனிதர். "இல்லை என்று நான் சொல்லவில்லை, அவருடையதாகவும் இருக்கலாம்" என்றார். முதல் விசாரணையில் அரசு வக்கீல் கேட்காத கேள்விக்கு நான் கேட்டு வாங்கிய பதில் அது. தீர்ப்பில், "எதிரியின் ரேகையாக இருக்க வாய்ப்புண்டு என்று நிபுணர் கூறுகிறார்" என்று ஒரு வரி ஏறியது. வேறு சாட்சிகளும் இருந்தார்கள், அதனால் அந்த ஒரு வரிதான் அவரைத் தண்டித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியை உள்ளே கொண்டுவந்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

இன்று அதே சாட்சி கூண்டில் நின்றால் இரண்டே கேள்விதான் கேட்பேன். "இந்த ரேகை எதிரியின் பத்து விரல்களில் எதனோடாவது பொருந்தியதாக உங்கள் அறிக்கையில் இருக்கிறதா?" இல்லை என்பார். "தகுதியற்றது என்று நீங்கள் சொன்ன இந்த ரேகையை வேறு யாருடைய ரேகையோடு வைத்துப் பார்த்தாலும் இதே பதில்தானே வரும்?" ஆம் என்பார். உட்கார்ந்துவிட வேண்டும். அந்த இரண்டாவது பதில்தான் முக்கியம். 'அவருடையதாகவும் இருக்கலாம்' என்ற வாக்கியம் எதிரிக்கு மட்டும் உரியதல்ல, அந்த நீதிமன்றத்தில் இருக்கும் பெஞ்ச் கிளார்க்குக்கும் எனக்கும் பொருந்தும் என்பதை அது பதிவில் ஏற்றிவிடுகிறது.

சரி, ஒரு நிபுணர் ஏன் 'இயலவில்லை' என்கிறார்? இங்கேதான் உங்கள் வழக்குக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. ஏனென்றால் எல்லா 'இயலவில்லை'யும் ஒரே மாதிரி இல்லை.

விரல் நுனித் தோலில் வரிசை வரிசையாக மேடுகள் ஓடுகின்றன. மேட்டின் மேல் வியர்வைத் துளைகள். தொட்ட இடத்தில் அந்த ஈரமும் எண்ணெய்ப் பசையும் மேடுகளின் அச்சாகப் படிகின்றன. நிபுணர் முதலில் மொத்த அமைப்பைப் பார்க்கிறார்: கோடுகள் ஒரு பக்கமிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் லூப், சுற்றிச் சுற்றி நின்றால் சுழி, அலைபோல் எழுந்து மறுபக்கம் இறங்கினால் வில். அப்புறம் ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, இப்படிப்பட்ட புள்ளிகள் ஒன்றுக்கொன்று எந்தத் தூரத்தில், எந்தத் திசையில், இடையில் எத்தனை கோடுகள் விட்டு அமைந்திருக்கின்றன என்று பார்க்கிறார். அடையாளம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் அடுக்கில்தான். துளைகளும் கோட்டு விளிம்புகளும் மூன்றாம் அடுக்கு. நல்ல அச்சில்தான் அது நம்பும்படி தெரியும்.

பீரோ கைப்பிடி போன்ற வளைந்த, குறுகிய, பலர் தொடும் இடத்தில் முழு விரல் பதிவதே அபூர்வம். விரல் வழுக்கினால் கோடுகள் இழுபடும், ஒரு ரேகையின் மேல் இன்னொன்று விழும். இதனால் வரும் 'இயலவில்லை' முதல் வகை: கிடைத்த ரேகையே சரியில்லை. இதை யாராலும் மாற்ற முடியாது.

இரண்டாவது வகையில் கிடைத்த ரேகை நன்றாக இருக்கும், ஒப்பிட எடுத்த மாதிரி ரேகைதான் மோசமாக இருக்கும். காவல் நிலையத்தில் அவசரமாக மை தடவி உருட்டும்போது விரலின் பக்கவாட்டும் நுனியும் பதியாமல் போகும். சம்பவ இடத்தில் பதிந்தது உள்ளங்கையின் ஓரமாக இருக்கும், இவர்கள் எடுத்தது விரல்களை மட்டும். அந்தப் பகுதியே மாதிரியில் இல்லாதபோது நிபுணர் என்ன செய்வார்? முடிவு கூற இயலவில்லை என்று எழுதுவார். இது ரேகையின் குறை இல்லை, வேலையின் குறை. மறுபடி ஒழுங்காக எடுத்து ஒப்பிட்டால் தெளிவான பதில் வரக்கூடும்.

மூன்றாவதில் இரண்டும் ஓரளவு நன்றாக இருக்கும். ஆனால் ஒத்துப்போகும் புள்ளிகள் நாலைந்துதான் இருக்கும், அல்லது சில ஒத்தும் ஒன்றிரண்டு உதைத்தும் நிற்கும். இங்கே நிபுணர் தன் தீர்ப்புத் திறனை வைத்து எல்லைக்கோட்டில் நின்று சொல்கிறார். இது மனிதருக்கு மனிதர் மாறும்.

உங்கள் அறிக்கையில் 'தெளிவு போதாததால்' என்று இருக்கிறது. எதன் தெளிவு? பீரோ ரேகையின் தெளிவா, உங்கள் தம்பியிடம் எடுத்த மாதிரியின் தெளிவா? அறிக்கையைப் படித்தவர்கள் யாருமே இதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

எத்தனை புள்ளி ஒத்தால் போதும் என்று நம் சட்டத்தில் எண் எதுவும் எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் 16 புள்ளி என்று வைத்திருந்தார்கள், 2001 ஜூனில் அதைக் கைவிட்டார்கள். அதற்கு முன் 1999இல் பக்லி என்ற வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், எட்டுக்கும் குறைந்த ஒற்றுமைகள் மட்டும் இருந்தால் மிக அபூர்வமான நிலை தவிர அந்தச் சாட்சியத்தை உள்ளே விடுவதே அரிது என்றது. எண்ணை வைத்து மட்டும் அளக்க முடியாது என்பது உண்மைதான். அபூர்வமான ஒரு கிளை அமைப்பு, சாதாரணமான நாலு முடிவுகளைவிட அதிகம் சொல்லும். ஆனால் எண் போன பிறகு மீதி இருப்பது நிபுணரின் கண்ணும் மனமும். அந்த மனத்துக்குள் என்ன புகுந்தது என்று கேட்பது அதனாலேயே முக்கியமாகிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது மாட்ரிட் ரேகை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிலையம் ஒன்றின் அருகே நின்ற வேனில் டெட்டனேட்டர்கள் இருந்த நீலப் பிளாஸ்டிக் பை கிடைத்தது, பையில் ஒரு ரேகை. ஸ்பெயின் போலீஸ் அதன் படத்தை இன்டர்போல் வழியாக அனுப்பியது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியபோது 20 பேர் பட்டியல் வந்தது. நாலாவது பெயர் பிராண்டன் மேஃபீல்ட், ஒரிகன் மாநிலத்து வழக்கறிஞர். எஃப்.பி.ஐ. நிபுணர் அது அவருடைய ரேகைதான் என்றார். சரிபார்த்தவர்களும் ஆமோதித்தார்கள். நூற்றுக்கு நூறு உறுதி என்றார்கள்.

ஏப்ரல் 13இல் ஸ்பெயின் நிபுணர்களிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல்: 'நெகடிவோ'. அதாவது இல்லை. எஃப்.பி.ஐ. அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? ஸ்பெயின்காரர்களால் முடிவுக்கு வர முடியவில்லை, அவ்வளவுதான் என்று. நன்றாகக் கவனியுங்கள். 'இல்லை' என்ற பதிலை 'சொல்ல இயலவில்லை' என்ற பதிலாக மாற்றிப் படித்தார்கள். அப்படிப் படித்ததால்தான் தங்கள் முடிவை அசைக்காமல் வைத்திருக்க முடிந்தது. மே 6இல் மேஃபீல்ட் கைதானார். அவர் பக்கம் நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் மே 19இல் அது அவருடைய ரேகைதான் என்றார். அதே நாளில் ஸ்பெயின், அது உனானே தாவூத் என்ற அல்ஜீரியரின் ரேகை என்று அறிவித்தது. மறுநாள் மேஃபீல்ட் வெளியே வந்தார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் முக்கியம். மே 24இல் எஃப்.பி.ஐ. தன் முடிவைத் திரும்பப் பெற்றபோது முதலில் சொன்ன காரணம், அந்த ரேகை அடையாளம் காணத் தகுதியற்றது என்பது. முந்தின வாரம் வரை நூறு சதவீதம் உறுதியாக இருந்த ரேகை ஒரே வாரத்தில் தகுதியற்றதாகிவிட்டது. பிறகுதான் அது தாவூதுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆக ஒரே வழக்கில் 'சொல்ல இயலாது' என்ற பதில் இரண்டு முறை தவறாகப் பயன்பட்டது. முதல் முறை, வேறொருவர் சொன்ன 'இல்லை'யை மழுங்கடிக்க. இரண்டாவது முறை, தாங்கள் செய்த பிழையை மூட.

2006இல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் உள் கண்காணிப்பு அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் வெளியிட்ட விசாரணை அறிக்கை காரணங்களைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டியது. இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே அசாதாரணமாக ஒத்திருந்தன. ஆனால் மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்தபின், அதில் இருந்த புள்ளிகளை மங்கலான ரேகையிலும் 'கண்டுபிடிக்க' ஆரம்பித்தார்கள். பதிலை வைத்துக்கொண்டு கேள்வியைத் திருத்தியதற்கு ஒப்பானது இது. மேல் இடப் பகுதி ஒத்துப்போகாதபோது, அது வேறொரு தொடுகையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சரிபார்த்தவர்கள் முதல் நிபுணரின் முடிவு தெரிந்தே பார்த்தார்கள். மேஃபீல்ட் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது முதல் ஒப்பீட்டின்போது தெரியாது, பின்னால் தெரியவந்தபோது முடிவை மறுபரிசீலனை செய்யாமல் இருக்க அது உதவியிருக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அவருக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தையே வைத்து இட்டியல் ட்ரோர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐந்து அனுபவமிக்க நிபுணர்களிடம், சில வருடங்களுக்கு முன் அவர்களே 'பொருந்துகிறது' என்று சொல்லியிருந்த ரேகை ஜோடிகளைக் கொடுத்து, இது மாட்ரிட் வழக்கில் எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய ஜோடி என்று சொன்னார்கள். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல இயலாது என்றார். ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார். ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்து எல்லா நிபுணர்களையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் ரேகை மாறவில்லை, பக்கத்தில் சொன்ன கதைதான் மாறியது என்பதை மறக்கக் கூடாது.

பெரிய அளவிலான சோதனைகளும் உண்டு. 2011இல் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 169 நிபுணர்கள் கலந்துகொண்டார்கள். வேறு ஆளின் ரேகையை இவருடையது என்று தவறாகச் சொன்னது 0.1 சதவீதம் அளவுதான். உண்மையில் ஒரே ஆளின் ரேகையை இவருடையது இல்லை என்று தவறாக விலக்கியது 7.5 சதவீதம். அவர்களில் 72 பேருக்குச் சுமார் ஏழு மாதம் கழித்து, முன்பு பார்த்த படங்களையே மறுபடி கொடுத்தார்கள். 'இவருடையது' என்ற முடிவுகளில் 89.1 சதவீதத்தைத் திரும்பச் சொன்னார்கள். மாறியவை பெரும்பாலும் எங்கே போயின தெரியுமா? 'முடிவு கூற இயலவில்லை' என்ற இடத்துக்கு. அதே மனிதர், அதே ரேகை, வேறொரு நாள்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் செய்தி இரண்டு பக்கமும் கூர்மையானது. 'இயலவில்லை' என்ற பதில் எல்லைக்கோட்டில் இருக்கும் பதிலானால், வேறு நிபுணரிடம் போனால் மாறலாம். 'இல்லை' என்று மாறினால் நல்லது. 'இவருடையது' என்று மாறினால்? மறு ஒப்பீடு கேட்டு மனுப் போடுவதற்கு முன் உங்கள் தம்பியிடம் வக்கீல் தனியாக உட்கார்ந்து உண்மையைக் கேட்க வேண்டும். அவன் என்றைக்காவது அந்த வீட்டுக்கு வேலைக்கோ விருந்துக்கோ போயிருக்கிறானா? பீரோவைத் தூக்கி வைக்க உதவினானா? ரேகைக்குத் தேதி கிடையாது. என்றைக்குப் பதிந்தது என்று நம்பகமாகச் சொல்லும் முறை இன்னும் இல்லை. நியாயமான காரணத்துக்குப் பதிந்த ரேகைகூடப் பொருந்தினால் அதை விளக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும்.

அரசுத் தரப்பு வாதத்துக்கு வருகிறேன். 'மறுக்க முடியாது' என்பதில் எவ்வளவு எடை இருக்கிறது என்று அளக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது உண்மையிலேயே அவருடைய விரலாக இருந்தால் இப்படியொரு மங்கல் ரேகை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? வேறு யாருடையதோ விரலாக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் ஒரே அளவு என்றால் சாட்சியத்தின் எடை பூஜ்ஜியம். தகுதியற்ற ரேகையில் அதுதான் நிலை. யார் தொட்டிருந்தாலும் அந்தக் கைப்பிடியில் அப்படித்தான் இழுபட்டிருக்கும்.

ஒருவேளை லூப் அமைப்பு மட்டும் தெரிகிறது, எதிரிக்கும் லூப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி விரல்களில் 60 முதல் 65 சதவீதம் லூப், 30 முதல் 35 சதவீதம் சுழி, ஏறத்தாழ 5 சதவீதம் வில். பத்து விரலில் ஆறு விரல் லூப் என்றிருக்கும்போது, 'இவருக்கும் லூப்' என்பது எதைக் காட்டும்? தெருவில் போகிற யாரை நிறுத்தினாலும் ஒரு லூப் விரல் கிடைக்கும். ஆனால் காது என்னமோ 'அமைப்பு ஒத்துப்போகிறது' என்பதைப் 'பொருந்துகிறது' என்றே கேட்கிறது. அந்தச் சொற்களை அறிக்கையிலோ வாய்மொழியிலோ பார்த்தால் உடனே எழுந்து, எத்தனை பேருக்கு இது ஒத்துப்போகும் என்று கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கம் உங்களுக்குப் பயன்படும். ஒருவரை அடையாளம் சொல்ல நிறைய விவரம் வேண்டும், விலக்கக் கொஞ்சம் போதும். ரேகையில் புள்ளிகள் தெரியாவிட்டாலும் நடுவில் தெளிவான சுழி தெரிகிறது, உங்கள் தம்பியின் பத்து விரலிலும் சுழியே இல்லை என்றால், நிபுணர் 'இயலவில்லை' என்று எழுதியிருக்கக் கூடாது, விலக்கியிருக்க வேண்டும். அறிக்கை வாசகத்துக்குள் ஒரு விலக்கல் ஒளிந்துகிடக்கலாம். அதை வெளியே எடுக்க ரேகையின் படம் வேண்டும், வேறொரு நிபுணரின் கண் வேண்டும். கூண்டில் நிற்கும் நிபுணரிடம் திடீரென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

பலவீனமான ரேகைகளைக் கூட்டிப் பலமாக்கும் வாதமும் வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் கார் கதவில் அடுத்தடுத்து நாலு விரல் அச்சு இருந்தது. தனித்தனியாக எதுவும் அடையாளம் சொல்லப் போதாது. நாலும் ஒரே கை ஒரே நேரத்தில் வைத்தது என்று எடுத்துக்கொண்டு புள்ளிகளைக் கூட்டினார்கள். 2005இல் பேட்டர்சன் என்ற அந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், தனி ரேகையை ஒப்பிடும் முறையை ஏற்றது, ஆனால் இப்படிக் கூட்டும் முறைக்குப் போதிய அடிப்படை காட்டப்படவில்லை என்று நிறுத்தியது.

நம் ஊரில் சந்தர்ப்ப சாட்சியத்தில், அதாவது நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைகளை வைத்து நிரூபிக்கும் வழக்கில், இதே வேலை வேறு உருவத்தில் நடக்கிறது. கடைசியாகச் சேர்ந்து பார்த்ததாக ஒரு சாட்சி, நகை மீட்டதாக ஒரு மகஜர் (கைப்பற்றல் பதிவு), 'மறுக்க முடியாத' ஒரு ரேகை, மூன்றையும் சேர்த்தால் சங்கிலி என்பார்கள். 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியின் முதல் படியே, ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுமையாக நிலைநாட்டப்பட வேண்டும் என்பது. நிலைநாட்டப்படாத ஒன்று சங்கிலியில் கண்ணியே இல்லை. நியாயமாக நடக்கும் நீதிமன்றம் அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மீதி சங்கிலி தாங்குகிறதா என்று பார்க்கும்.

அதேபோல உங்கள் வக்கீலின் வாதத்தையும் நான் ஏற்க முடியாது. பீரோவைத் தொட்ட ஒவ்வொருவரும் நல்ல ரேகை விட்டுப் போவதில்லை. நேரில் பார்த்த சாட்சி நம்பத்தக்கவராக இருந்தால், ரேகை எடுக்காதது மட்டுமே வழக்கைக் குலைக்காது என்று நம் நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அந்த வாதத்தில் வலுவாக நின்றுவிட்டு அது உடைந்தால், உங்களுடைய நல்ல வாதங்களும் சேர்ந்து பலவீனமாகிவிடும். "ரேகையால் எதிரியை இந்த வீட்டோடு இணைக்க முடியவில்லை. இணைக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது" என்று நிறுத்திக்கொண்டால் போதும். அது உண்மை, அதை யாரும் உடைக்க முடியாது.

வாதத்துக்குச் சத்து வேறு இடத்தில் கிடைக்கக்கூடும். பீரோவில் அந்த ஒரு ரேகைதான் கிடைத்ததா? பொதுவாக ஒரு வீட்டில் பல சான்ஸ் பிரிண்ட் எடுப்பார்கள். வீட்டாருடைய ரேகைகளோடு ஒப்பிட்டு அவர்களுடையதைக் கழிப்பார்கள். மீதியில் நல்ல தெளிவான ரேகை ஒன்று இருந்து, அது வீட்டாருடையதும் இல்லை, உங்கள் தம்பியுடையதும் இல்லை என்றால், அது மங்கலான ரேகையைவிடப் பல மடங்கு பேசும். அதை தேசிய ரேகைத் தொகுப்பான நாஃபிஸில் தேடினார்களா என்று கேட்கலாம். எடுத்த ரேகைகளில் சிலவற்றைப் பற்றி அறிக்கையே தாக்கல் செய்யப்படவில்லை என்றால், கையில் இருக்கும் சாட்சியத்தை மறைப்பவருக்கு எதிராக ஊகிக்கலாம் என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் ஜி எடுத்துக்காட்டு, புதியதில் 119ஆம் பிரிவு, உங்கள் பக்கம் நிற்கும்.

ரேகை வந்த பாதையையும் பாருங்கள். 1979இல் ஜஸ்பால் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கட்டைவிரல் ரேகையை அடையாளம் காணும் அறிவியல் துல்லியமானது, பிழைக்கோ ஐயத்துக்கோ இடமில்லாதது என்றது. இன்றும் பலர் அதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 1997இல் முகமது அமான் வழக்கில் அதே நீதிமன்றம், ஒரு பித்தளைச் செம்பில் இருந்த ரேகை பொருந்துவதாக நிபுணர் சொல்லியும் அதை நம்ப மறுத்தது. கைப்பற்றிய பொருள் ஆய்வுக்குப் போகும்வரை யாரும் கை வைக்காமல் பாதுகாக்கப்பட்டதாக நிரூபிக்கவில்லை. மாதிரி ரேகைகளைப் பல முறை எடுத்தும் ஒரு முறைகூட மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ உத்தரவின்பேரிலோ எடுக்கவில்லை. பொருந்திய ரேகைக்கே இந்த கதி என்றால், பொருந்துவதாகவே சொல்லப்படாத ரேகையைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசியுங்கள். ஒரு எச்சரிக்கை: 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் மாதிரி எடுக்கும் போலீஸ் அதிகாரத்தை விரிவாக்கியிருக்கிறது. மாஜிஸ்திரேட் இல்லை என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

இந்த எச்சரிக்கை உணர்வு நம் நாட்டுக்குப் புதிதில்லை. உலகிலேயே முதன்முதலாக ரேகையை வைத்து நடந்த வழக்குகளில் ஒன்று வங்காளத்தில், ஜல்பாய்குரியில் நடந்தது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் 1897இல் கொல்லப்பட்டார். ஒரு பஞ்சாங்கத்தின் மேல் ரத்தக்கறை படிந்த கட்டைவிரல் அச்சு. அது அவருடைய பழைய வேலைக்காரருடையது என்று தெளிவாகவே பொருந்தியது. அப்படியும் 1898இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்ததே தவிர, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. கை அங்கே பட்டது என்பதற்கு மேல் ரேகை சொல்லாததை அவர்கள் சொல்ல வைக்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த வாய்தாவுக்குள் சில காகிதங்களுக்கு உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். பீரோவில் எடுத்த ரேகையின் பெரிதாக்கிய படம். உங்கள் தம்பியிடம் எடுத்த பத்து விரல் சீட்டின் நகல், உள்ளங்கை எடுத்திருந்தால் அதுவும். நிபுணரின் வேலைக் குறிப்புகள், அதில் முதலில் வேறு முடிவு எழுதி மாற்றப்பட்டிருக்கிறதா என்று தெரிய. ஒப்பிட்டது எப்போது, சரிபார்த்தவர் யார், அவருக்கு முதல் முடிவு தெரியுமா, ஒப்பிடுவதற்கு முன் எதிரி ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தான் என்பது போன்ற விவரம் எதுவும் நிபுணரிடம் சொல்லப்பட்டதா என்பவை. நிபுணர் கருத்துக்கான காரணங்களும் சாட்சியத்தில் பொருட்படுத்தத்தக்கவை என்பது பழைய சட்டத்தின் 51ஆம் பிரிவு, புதியதில் 45. விரல்ரேகைக் கூடத்தின் இயக்குநர் தரும் அறிக்கையை அவரை அழைக்காமலே ஏற்க நடைமுறைச் சட்டம் இடம் தந்தாலும், நீதிமன்றம் அவரை அழைக்கலாம். ஆனால் படங்களைப் பார்த்து, எதைக் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே அழைக்கச் சொல்லுங்கள். "அது எதிரியின் ரேகை இல்லைதானே" என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம் என்று உங்கள் வக்கீலிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

படங்கள் கிடைத்தபின், பெயர்களை மறைத்துவிட்டு அறிக்கையின் முழு வாசகத்தையும் அனுப்புங்கள். மேலே சொன்ன மூன்றில் அது எந்த 'இயலவில்லை' என்று பார்த்து எழுதுகிறேன்.